ஒரு சாண் விரிசல்

என் தங்கை கோரின் அந்தக் கயாக்கை, ஒற்றை ஆள் துடுப்புப் படகை, தன் கையாலேயே செய்தாள். இரண்டு குளிர்காலம் கராஜுக்குள் அடைந்து கிடந்து, மெல்லிய தேவதாருப் பலகைக் கீற்றுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, மேலே கண்ணாடி நார்த்துணி போர்த்திப் பசை பூசினாள். அவள் புருஷன் ஆல்டன் வாசலில் நின்று, "இது படகா, பியானோவா?" என்று கிண்டலடிப்பான். சிங்கிறால் பிடிக்கிறவனுக்கு இஞ்சின் இல்லாத எதுவும் படகில்லை.

செப்டம்பரில், கோரினின் நோய்க்கு இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கோரின் அழவில்லை. நான்தான் அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கைகளில் தெம்பு இருக்கும்போதே அந்தக் கயாக்கில் ஆட்டுத் தீவை ஒருமுறை சுற்றி வரவேண்டும். தீவு என்ன பெரிய தூரமா? அவள் ஜன்னலிலிருந்தே தெரியும்.

ஆல்டன் உடனே கயாக்கை வண்டியில் ஏற்றி, எங்களோடு கரைக்குக் கிளம்பினான். ஆள் துணை வேண்டாம் என்று, வண்டிக் கூரையிலிருந்து கயாக்கைத் தனியாகவே இறக்கினான். கால் வழுக்கியது. அடிப்பாகம் பாறையில் மோதி ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது.

"பொழுது விடிஞ்சா கடல்ல நிக்கிற ஆளு, ஒரு கயாக்கை இறக்கத் தெரியல பாரு!" என்றேன். என் வாய் அப்படி.

கோரின் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். "இது ஒண்ணும் இல்ல ஆல்டன். ஒரு டேப்பை ஒட்டி விடு. போயிட்டு வந்துடறேன்."

"டேப் ஒட்டின படகுல உன்னை அனுப்புவேனா? நாளைக்குள்ள புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன். நீ போய்ப் படு."

மறுநாள் கடல் குளம் மாதிரி இருக்கும், அதன் பிறகு காற்று என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் அவனுக்கு அவசரம். கிழிந்த துணியை வெட்டி எடுத்தான், மரத்தைத் தேய்த்தான், புதுத் துணி வைத்துப் பசை ஊற்றினான். வெள்ளைத் துணி பசை குடித்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, கீழே மரம் மட்டும் தெரிந்தது. வேலை சுத்தம்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சீக்கிரம் இறுகட்டும் என்று, பசையை இறுக வைக்கும் திரவத்தைக் கூடுதலாக ஊற்றியிருந்தான். அவனுடைய பெரிய படகுகளின் பசைக்கு அப்படித்தான் செய்வான். கோரினைக் கேட்டிருக்கலாம். தூங்குகிறவளை எழுப்ப மனம் வரவில்லையாம்.

காலையில் கோரின் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தச் சட்டைக்குள் இரண்டு கோரின் போகலாம், அவ்வளவு இளைத்திருந்தாள். ஒட்டுப் போட்ட இடத்தைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது.

"எவ்வளவு ஊத்தின?"

"கொஞ்சம் கூட... சீக்கிரம் காயட்டும்னு."

"அட மக்கு! இந்தப் பசைக்கு அளவு மாறக் கூடாதுப்பா. கூடப் போட்டா காயவே காயாது." சிரித்துவிட்டாள். "சரி, சுரண்டிட்டு டேப்பை ஒட்டு."

அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். "இன்னும் ஒரே ஒரு நாள் பொறு கோரின். சுரண்டிட்டு ஒழுங்கா பண்ணிடறேன். உன் படகை நானே பாழாக்கிட்டேன், அதை அப்படியே விட்டா எப்படி?"

கோரின் கடலைப் பார்த்தாள். அலையே இல்லை. பிறகு அவனைப் பார்த்தாள். "சரி, நாளைக்கு" என்று சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். கொக்கியை அவிழ்க்க அவளால் முடியவில்லை, நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

சொன்னபடியே காற்று வந்தது, வாரம் முழுக்க அடித்தது. அது அடங்கியபோது அவளால் ஒரு கோப்பையைக்கூடத் தூக்க முடியவில்லை. அக்டோபரில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஆல்டன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். கராஜில் குளிருக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கயாக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"எங்க அடிபட்டதுன்னு கண்டுபிடி பாப்போம், வெர்னா."

கண்டுபிடிக்க முடியவில்லை. கையால் தடவினேன், கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது. அவனும் தடவினான். இங்கேயா, அங்கேயா என்று அவன் கை தேடிக்கொண்டே இருந்தது. செய்தவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"அன்னிக்கு டேப் ஒட்டியிருந்தா போதும், இல்ல?" என்றான்.

இத்தனை நாளும் அவனுக்காக நான் சேர்த்து வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. வயிறெரிந்து சேர்த்து வைத்தது.

"போதாது. தண்ணி ஏறியிருக்கும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். கராஜ் கதவு திறந்துதான் இருந்தது. எதிரே என் வீட்டு முற்றத்தில் என் பழைய கயாக் கவிழ்ந்து கிடந்தது, அடியில் மூன்று கோடை கடலில் தாங்கிய வெள்ளி நிற டேப்போடு. இருவருமே அதைப் பார்த்தோம். பிறகு அவன் போய்க் கதவைச் சாத்தினான்.