இறக்கிய முடி

ஊரார் பிள்ளைகளின் தலையில் கத்தரி வைக்கச் சந்திரா தயங்கவில்லை. பிடரியில் ஒரு கொத்தை நூலால் கட்டி, வேர்ப்பக்கம் எது என்று குறித்து, காகித உறையில் போட்டுப் பெயர் எழுதினாள். கனகம்மாசத்திரத்துக்கு மேற்கே, ஏரிக்கரை இருளர் காலனியில் பன்னிரண்டு பிள்ளைகள். பதினொரு உறை நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவது அவள் பெற்றது.

"எம்புள்ள தலைய மட்டும் நறுக்கத் தெரியுது. உன் பொண்ணுக்குப் பேருதான் பங்காரு, முடியுமா தங்கம்?" என்று பக்கத்து வீட்டுத் தமயந்தி கேட்டே விட்டாள்.

கேட்காமல் என்ன செய்வாள்? நியாயமான கேள்விதான். ஆனால் பங்காருவின் முடி திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டது. முதல் இரண்டும் தொட்டிலோடு போன பிறகு பிறந்தவள் அவள். ஐந்து வயது வரை கத்தரி படாமல் வளர்த்து, மலையில் இறக்குவதாக வேண்டுதல். முடி இடுப்பைத் தொட்டுவிட்டது. பிள்ளைதான் வளரவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள்.

காலனியில் பல பிள்ளைகளுக்கு அதே வயிற்றுவலி. ஏரிக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை வந்து மூன்று வருடம் ஆகிறது. "அந்த ஜனங்க எப்பவுமே இப்படித்தான், சோகை புடிச்சதுங்க" என்று பட்டறைக்காரன் சொல்லிவிட்டான். அதைக்கூடச் சந்திரா துடைத்துப் போட்டுவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்து, "தாய் உடம்புலயே ஒண்ணுமில்ல, பால்ல இன்னா இருக்கும்?" என்று கேட்டதைத் துடைத்துப் போட முடியவில்லை. அந்த இரண்டும் போனது கூடத் தன் பாலால்தானோ? இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஆராய்ச்சி செய்ய மோனிஷா வந்தபோது சந்திராதான் முன்னால் நின்று பேசினாள். முன்பு வந்தவர்கள் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். அதனால் மூன்று நிபந்தனை. முடியை எடுப்பது எங்கள் ஆளாக இருக்க வேண்டும். முடிவை முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் சரி என்ற பிறகே வெளியே போக வேண்டும். மோனிஷா பொதட்டூர்பேட்டை நெசவு வீட்டுப் பெண், சென்னையில் பெரிய படிப்பு. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவளைச் சந்திரா தடுத்தாள்.

"நாங்கல்லாம் கைநாட்டு வெக்கறோம். நீயும் வெய்யி, டாக்டர் பொண்ணே."

"நான் டாக்டர் இல்லக்கா" என்று சிரித்துக்கொண்டே அவளும் விரலை மையில் தோய்த்தாள். அன்றைக்கே சந்திராவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

பங்காருவின் முடியைப் பற்றி மோனிஷா ஒரே ஒரு முறைதான் பேசினாள். "எல்லாப் புள்ளைங்ககிட்டயும் எடுத்த ரத்தம் இப்ப நடக்கறதத்தான் சொல்லும்க்கா. முடி பழைய கதையையும் சொல்லும். மத்த புள்ளைங்க முடி ஒரு வருசத்துக்குள்ள வளந்தது. இவ முடியிலதான் பட்டறை வர்றதுக்கு முந்தின காலம் இருக்குது. ஆனா வேணாம்னா வேணாம், விட்டுடலாம்."

கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். விட்டுடலாம் என்றவளிடம் என்ன சண்டை போடுவது?

கிருத்திகை அன்று மலையேறினார்கள். மோனிஷாவும் வந்தாள். பாதிப் படியில் பங்காரு உட்கார்ந்துவிட, மிச்சத்துக்கு அவள்தான் இடுப்பில் தூக்கி வந்தாள். முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மண்டபத்தில் தலையை நனைத்து, நாவிதர் கத்தியை எடுத்தார். பக்கத்தில் முடி போடும் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதில் விழுந்தால் விழுந்ததுதான். விழாவிட்டால் சாமி பிள்ளையை எடுத்துக்கொள்வானோ? அன்று வேண்டிக்கொண்ட வார்த்தையைச் சந்திரா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணா, இரு!"

சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, சண்டைக்கு நிற்பவள் மாதிரி சத்தமாகவே பேசினாள். "முருகா, முடிய உன் மலையில எறக்கறேன்னுதான் சொன்னேன். குடுக்கறேன்னு சொன்னனா? நல்லா நெனச்சிப் பாரு. எறக்கிடறேன், என் வார்த்த சரியாப் பூடும். அப்பால நான் எடுத்துக்கினு போறேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்."

மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நூலை எடுத்தாள்.

"முப்பது வருசமா மொட்ட அடிக்கறேன். முடியத் திருப்பிக் கேட்டவ நீதாம்மா" என்றார் நாவிதர். ஆனால் கட்டிய கொத்தைக் கலையாமல் வேரோடு ஒட்ட மழித்துத் தந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் குளிர்ந்ததும் பங்காரு கிளுகிளுவென்று சிரித்தாள்.

அதன் பிறகு ஆறு வாரம், பிள்ளை தும்மினாலும் சந்திராவுக்குப் பகீரென்றது.

முடிவு வந்த அன்று காலனி முழுக்கப் புங்கமரத்தடியில் கூடியது. மோனிஷா காகிதத்தை விரித்தாள். எல்லாப் பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. வைத்தியத்துக்குச் சென்னையில் பேசியாகிவிட்டது, கூடவே தானும் வருவதாகச் சொன்னாள். பிறகு பங்காருவின் முடிக்கு வந்தாள்.

"வேர்ப்பக்கம் ரொம்ப இருக்குது. கீழ போகப் போகக் கொறையுது. பட்டறை வர்றதுக்கு முந்தி வளந்த நுனியில இல்லவே இல்லன்னு சொல்லலாம்."

"நுனின்னா எப்ப?" சந்திராவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இவளுக்கு ஒரு வயசு இருக்கும்க்கா. நீங்க பால் குடுத்துக்கினு இருந்த காலம்."

"இன்னொரு தபா சொல்லு."

மோனிஷா சொன்னாள். கலெக்டருக்குப் போக வேண்டிய காகிதத்தில் சந்திரா பெருவிரலை அழுத்தி வைத்தாள். பிறகு முள்ளு முள்ளாக முளைத்திருந்த மகளின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட ஓட, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தமயந்தி, கேட்டுக்கினியா? எம்பாலு நல்ல பாலுடி."