கணினியில் இல்லாத முப்பிடாதி

1
இந்தக் கதை ‘அனைவரும்’ என்ற ஒரு சொல்லில் பிறந்தது. கடத்தப்பட்ட குழந்தைகள் அனைவரும் மீட்பு என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடினால், எத்தனை பேர் என்று தேடும் கெட்ட புத்தி எனக்கு.

முதல் தொடக்கம்: ‘தாமிரபரணி அன்றும் அமைதியாக…’ (வேண்டாம். பிள்ளைகளைக் காணோம், ஆறு கிடக்கட்டும்.)

2
ஆழ்வார்குறிச்சிக்கு அருகே ஒரு தொடக்கப்பள்ளி. காலையில் பிள்ளைகளை ஏற்றிவந்த வேனை நாலு பேர் மறித்துக் கடத்திப் போனார்கள். மறுநாள் மதியம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் பிள்ளைகளோடு வேன் கிடைத்தது. பள்ளி வாசலில் பூச்செண்டு, நேரலை, அதிகாரிகள். ஆசிரியை ஜெமிமா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பதினேழு. மறுபடியும் பதினேழு. முப்பிடாதி இல்லை.

முப்பிடாதி, செங்கல் சூளைத் தொழிலாளி இசக்கியப்பனின் மகள். பள்ளியில் சேர்ந்து மூன்று நாள்தான். சான்றிதழ் வராததால் கணினியில் பெயர் ஏறவில்லை.

“அவள மட்டும் வேற வண்டில ஏத்திட்டாங்க டீச்சர்,” என்றாள் மீண்டுவந்த கிறிஸ்டி.

“பிள்ள பயத்துல ஒளறுது,” என்று மீட்கப்பட்டவர்களின் பட்டியலை நீட்டினார் ஓர் அதிகாரி. “கணக்குல பதினேழுதான். கையெழுத்துப் போடுங்கம்மா.”

(இவரை முதலில் கொடியவராக எழுதி அடித்துவிட்டேன். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தவரும் இவர்தான். இப்படிப்பட்டவர் ஒருத்தியை மட்டும் எண்ணாமல் விடுவதால்தான் இவர்மேல் சந்தேகம் கூடுகிறது.)

3
நிருபர் மைக்கை நீட்டினார். “சந்தோஷமா டீச்சர்?”

“பதினெட்டுப் பிள்ள போச்சு. ஒருத்தி வரல.”

நிருபர் காதுக்கருவியில் எதையோ கேட்டார். “ஆனந்தத்தில் தடுமாறும் ஆசிரியை,” என்று சொல்லி, கேமராவை லட்டுத் தட்டுப் பக்கம் திருப்பினார்.

கேட்டுக்கு வெளியே இசக்கியப்பன் நின்றிருந்தார். “டீச்சரம்மா, பேரு எழுதலன்னா எம் பிள்ள காணாமப் போவலன்னு சொல்லுதாவ.”

4
முடிவு ஒன்று: சாயங்காலம் முப்பிடாதி தானாகவே… (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: ஜெமிமா கையெழுத்துப் போட்டுவிட்டு…

அவள் அப்படியே போட்டுவிடவில்லை. தாளை வாங்கி, பதினேழாவது பெயருக்குக் கீழே ‘முப்பிடாதி, வரவில்லை’ என்று எழுதி, அதன் அடியில்தான் போட்டாள். பிறகு இசக்கியப்பனை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனாள்.

“கேஸு முடிஞ்சிட்டே டீச்சர்,” என்றார் ஏட்டு.

“முடியல. எழுதுங்க சார். அதுவரைக்கும் இங்கனதான் இருப்போம்.”

ஏட்டு வேண்டாவெறுப்பாகப் பேனாவை எடுத்தார். “வயசு?”

“ஏழு.”

“என்ன உடுத்தியிருந்தா?”

இசக்கியப்பன் ஜெமிமாவைப் பார்த்தார். விடியுமுன்னே சூளைக்குப் போனவர் அவர். வந்துசேராத வேனுக்காகப் பள்ளியில் காத்திருந்தவள் அவள். கடத்தப்பட்ட காலையில் பிள்ளையை இருவருமே பார்க்கவில்லை.

“கிறிஸ்டிட்ட கேட்டுட்டு வாரேன்,” என்று ஜெமிமா எழுந்தாள்.

“பைய வாங்க, ஒண்ணும் அவசரமில்ல.” ஏட்டு பேனாவை மூடினார்.

5
இதற்குமேல் எழுதமாட்டேன். முடிவு கொடுத்தால் நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். பெஞ்சில் இசக்கியப்பன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இடமிருக்கிறது.