ஃபாங் வீட்டுப் பவளமும் நூறு சதவீத விளக்கும்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், ஃபாங் சோங்-யீ, கீலுங் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல்களை உள்ளே கொண்டுவந்து நிறுத்திய பைலட். என் மனைவி சியூ-கிம். மருந்துக்கடை நடத்தும் என் மூத்த மருமகள் ரூ-பிங். விருந்தாளிகள் மூன்று பேர்: கடல்தொட்டிக் குழுவின் தலைவி காவோ அம்மா, கோயில் தெருவில் மீன் உருண்டைக் கடை வைத்திருக்கும் லாய் வென்-ஷியோங், படம் எடுக்க வந்த ஹோங். என் மகன் அன்று தைச்சுங்கில் இருந்தான், ஆகவே அவன் சொல்லும் விவரங்களை யாரும் நம்ப வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் யாரும் அங்கே இல்லை.

எங்கள் வீட்டில் கடல்நீர்த் தொட்டியை ஆரம்பித்தவர் என் அப்பா. கட்டைவிரல் அளவில் அவர் வாங்கி வைத்த மான்கொம்புப் பவளம் இருபத்தாறு வருடத்தில் ஒரு குடும்பத்துக்குச் சோறு வடிக்கும் பானை அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. பழுப்பு உடம்பு, ஊதா நுனிகள். வீட்டில் அதற்குப் பெயர் பெரியவர். கிளைகளுக்கு நடுவே பொத்தான் அளவில் ஒரு நண்டு குடியிருக்கிறது. பெரியவரைக் கடிக்க வரும் எதையும் அது கிள்ளித் துரத்தும்.

எங்கள் குழுவில் எட்டு வீடுகள். வருடக் கடைசியில் வீடு வீடாகப் போய்த் தொட்டிகளைப் பார்ப்போம். எந்தத் தொட்டி சிறந்தது என்று காவோ அம்மா சொல்கிறாரோ, அந்த வீட்டுக்குக் கற்பூர மரப்பலகை ஒன்று போகும். ஒரு வருடம் அங்கே மாட்டியிருக்கும். ஒன்பது வருடம் அது எங்கள் கூடத்துச் சுவரில் இருந்தது. பத்தாவது வருடம் லாய் கொண்டுபோனான். கொண்டுபோனவன் வீட்டில் மாட்டினானா என்றால் இல்லை. கடையில், சூப் கொதிக்கும் அண்டாவுக்கு நேர் மேலே மாட்டினான். அப்பா காலத்துப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட பலகை பன்றிக் கொழுப்பு ஆவியில் வியர்த்துக்கொண்டு தொங்கியது. நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

பலகையைக் கழற்றிக்கொண்டு போன அன்று அவன் சொன்னது இது:

"அண்ணே, உங்க பெரியவர் மேல குத்தமே இல்ல. பாவம், இந்த ட்யூப்லைட் வெளிச்சத்துல யாருக்கா இருந்தாலும் தூக்கம்தான் வரும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த வருடப் பார்வைக்குப் பத்து நாள் இருக்கும்போது புது விளக்கு வந்து இறங்கியது. தைபேயிலிருந்து வரவழைத்தது. மெல்லிய கறுப்புத் தகடு, அடியில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன எல்இடி கண்கள். ரூ-பிங் அதை மாட்டித் தந்தாள். தொட்டித் தண்ணீரின் உப்பு, காரத்தன்மை எல்லாம் அளந்து பார்க்க மாதம் இரண்டு முறை அவள்தான் வருவாள். மருந்துக்கடைக்காரியின் கை நடுங்காது.

"அப்பா, முப்பது சதவீதத்துல வச்சிருக்கேன். வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்தணும். பழைய ட்யூப்லைட்டு மேகம் மூடின மாதிரி. இது நடுமத்தியான வெயில். மேகத்துலயே இருந்தவரைக் கொண்டு போய் வெயில்ல நிறுத்தினா என்னாகும்?"

"வாரத்துக்கு அஞ்சுன்னா நூறு வர்றதுக்கு எத்தனை வாரம்?"

"நூறு வரவே வேண்டாம்ப்பா. அறுபதே ஜாஸ்தி."

"பத்து நாள்ல ஆளுங்க வர்றாங்க."

"வரட்டும். முப்பதுல பாக்கட்டும்."

சரி என்றேன். அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்ததும் நூறுக்கு ஏற்றினேன். கையேட்டை நான் பிரிக்கவில்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த வெளிச்சம் எங்கள் வீட்டை என்ன செய்தது என்றால், கூடம் முழுக்க ஊதா. சோறு நீலமாகத் தெரிந்தது. சியூ-கிம் மூன்றாம் நாள் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்க்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, காலையில கண்ணாடியில என்னைப் பாத்தேன். செத்துப் போய் ஒரு வாரம் ஆனவ மாதிரி இருக்கேன்."

"பழகிடும்."

"எனக்குப் பழகிடும். தெருவுக்கு?"

தெருவுக்குப் பழகவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து வெற்றிலைபாக்குக் கடைகளில்தான் அப்படி ஊதா விளக்கு எரியும், கண்ணாடிக் கூண்டுக்குள் அரைகுறை உடையில் பெண்கள் உட்கார்ந்து பாக்கு மடிப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் லிஃப்டில் என்னிடம் மிகுந்த மரியாதையோடு, "ஃபாங் ஐயா, புதுசா ஏதாவது வியாபாரமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சியூ-கிம் முந்திக்கொண்டாள்: "ஆமாங்க. பாக்கு மடிக்க நான்தான் உக்காந்திருக்கேன்."

ஆனால் பெரியவர்! நான்காம் நாளே நிறம் மாறத் தொடங்கியது. பழுப்பு குறைந்து பால் கலந்த பச்சை வந்தது. பச்சைக்குள் இளநீலம். நுனிகள் உள்ளிருந்து விளக்கேற்றியது போல ஒளிர்ந்தன. இப்போதெல்லாம் தொட்டி வைப்பவர்கள் இந்த வெளிர் நிறத்துக்குத்தான் தவம் கிடக்கிறார்கள். பவளத்தைப் பாதி பட்டினி போட்டு, தண்ணீரை வடிகட்டி வடிகட்டி, இரண்டு வருடம் பாடுபட்டால் சிலருக்கு வரும். எங்களுக்கு ஒரு வாரத்தில் வந்திருந்தது. நான் நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து அப்பா படத்தைப் பார்த்தேன். பார்த்தீர்களா என்று கேட்டேன்.

சனிக்கிழமை வழக்கம்போல் மழை. இரண்டு மணிக்கு மூன்று குடைகளும் மூன்று ஜோடி ஷூக்களும் வாசலில் வந்து சேர்ந்தன. எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. விருந்தாளிகள் ஷூவைக் கழற்றியதிலிருந்து திரும்ப மாட்டும் வரை, வீட்டுக்காரர் விளக்கின் பொத்தானைத் தொடக் கூடாது. முன்பு சிலர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து குறைகளை மறைத்ததால் வந்த விதி. விளக்கு அணைந்தால் அந்த வருடம் அந்தத் தொட்டி கணக்கில் இல்லை. மின்வெட்டு மட்டும் விலக்கு. அப்படி நடந்தால் இன்னொரு நாள் வருவார்கள்.

காவோ அம்மா தொட்டிக்கு முன்னால் நின்றார். ஆரஞ்சுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். நீல வெளிச்சத்தில் நிஜ நிறம் பார்க்க அதுதான் வழி. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஃபாங் அண்ணே. இது பெரியவரா?"

"அவரேதான்."

"நாப்பது வருஷமா தொட்டி பாக்கறேன். இப்படி ஒரு நிறம் வீட்டுத் தொட்டியில பாத்ததில்ல."

ஹோங் தன் போனில் ஆரஞ்சுத் தாளை ஒட்டிக்கொண்டு தரையில் படுத்தே விட்டான். "அஞ்சு மணி வரைக்கும் எடுக்கறேன் ஐயா. ஒவ்வொரு கிளையையும் தனியா எடுக்கணும்."

லாய் கையில் மீன் உருண்டைப் பொட்டலத்தோடு நின்றிருந்தான். கடைசியில் சொன்னான்: "அண்ணே, பலகைய இறக்கி நல்லாத் துடைச்சு வைக்கறேன். கொஞ்சம் சூப் வாடை இருக்கும். ரெண்டு மாசத்துல போயிடும்."

அந்த வார்த்தைக்காக ஒரு வருடம் காத்திருந்தேன். இருந்தாலும் பெருந்தன்மையாக, "அவசரமில்லை" என்றேன்.

அப்போதுதான் ரூ-பிங் வந்தாள். கடையை மூடிவிட்டு நனைந்துகொண்டு வந்திருந்தாள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். தொட்டியைப் பார்த்தாள். விளக்குத் தகட்டின் ஓரத்தில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விருந்தாளிகள் முன்னால் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மருமகள். தேநீர் ஊற்றும் சாக்கில் என் பக்கத்தில் குனிந்தாள்.

"அப்பா, இது நிறம் ஏறினது இல்ல. நிறம் கிளம்பிப் போகுது."

"என்ன சொல்ற?"

"அவருக்கு உள்ள இருக்கற பாசிதான் அவருக்குச் சோறு பொங்கிப் போடுது. பழுப்பு அதோட நிறம். வெளிச்சம் தாங்காம அதையெல்லாம் வெளிய துப்பிட்டார். இப்ப நீங்க பாக்கறது வெறும் உடம்பு. மேல் மூணு கிளைய நல்லாப் பாருங்க, தோல் உரியுது." கிண்ணத்தை என் முன் நகர்த்தினாள். "இப்பவே அணைக்கணும்ப்பா."

"அஞ்சு மணிக்கு அணைக்கலாம்."

"அஞ்சு மணிக்கு எதை அணைக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியல."

அவள் அன்னாசிக் கேக் தட்டை எடுத்துக்கொண்டு காவோ அம்மா பக்கம் போய்விட்டாள்.

நான் தேநீரைக் குடித்தேன். மணி இரண்டு நாற்பது. இன்னும் இரண்டு மணி நேரம் இருபது நிமிடம். இதைவிட நீளமான காத்திருப்புகளைப் பனிமூட்டத்தில் செய்தவன் நான். காவோ அம்மா நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போதே தலையை ஆட்டிக்கொண்டார். லாய் சுவரில் இருந்த பழைய ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பலகை திரும்பி வருவதற்காக நான் பிடுங்காமல் விட்ட ஆணி அது.

எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் போனேன். மேல் கிளைகளில் உண்மையாகவே ஏதோ நூல் நூலாகப் பிரிந்து நீரோட்டத்தில் ஆடியது. அது ஒளியின் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். அப்புறம் கீழே பார்த்தேன். நண்டு மணலில் நின்றது. ஏழு வருடத்தில் அது பெரியவரை விட்டு இறங்கியதே இல்லை. தீனிக்குக்கூட இறங்காது. இப்போது கண்ணாடி ஓரத்தில், முதுகைப் பெரியவருக்குக் காட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் நின்றது.

அப்பா இருந்தால் பலகையைக் கேட்டிருப்பாரா, பவளத்தைக் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. கையை நீட்டி விளக்கை அணைத்தேன்.

கூடம் சட்டென்று சாம்பல் நிறமானது. தரையிலிருந்து ஹோங், "ஐயோ!" என்றான். காவோ அம்மாவின் பேனா நின்றது.

"ஃபாங் அண்ணே," என்றார் மெதுவாக, "எங்க ஷூ இன்னும் வாசல்லதான் இருக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா?"

"நீங்க பாத்தது அழகு இல்ல. வெளிச்சத்துல வெந்து போன நிறம். முப்பதுலதான் என் மருமக வச்சிட்டுப் போனா. நூறுக்கு ஏத்தினவன் நான். எழுதிக்குங்க."

மழைச் சத்தம் கேட்டது. ரூ-பிங் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு லாய் மண்டியிட்டுத் தொட்டிக்கு அருகே வந்தான். அவன் சிரிப்பான் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. பெரியவரை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, நான் ட்யூப்லைட்டுன்னு சொன்னதுக்காகவா?"

"உனக்காக ஒண்ணும் இல்ல."

"உனக்காகத்தான்," என்றாள் சியூ-கிம், வெயில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "ஒரு வருஷமா தூக்கத்துல கூட உன் கடைப் பேரைத்தான் திட்டறாரு."

அதற்குப் பிறகு அவன் சிரித்தான். காவோ அம்மாவும் சிரித்தார். ஹோங் எழுந்து உட்கார்ந்து, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

ஆனால் லாய் அதோடு நிற்கவில்லை. டார்ச்சைப் போட்டு மேல் கிளைகளைப் பார்க்கப் போனான். சியூ-கிம் அவன் கையிலேயே ஓர் அடி வைத்தாள். "வெளிச்சத்துல வெந்த ஆளுக்கு டார்ச்சு அடிக்கறியே, நீயெல்லாம் எப்படிப் பலகை வாங்கினே?"

"அக்கா, உண்மையச் சொல்றேன். போன வருஷம் புது விளக்கு மாட்டினப்போ என்னோடதுலயும் ரெண்டு செத்துது. பாறைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன்."

காவோ அம்மா நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "என்னது?"

"ஒண்ணும் இல்லக்கா. உருண்டை ஆறிடும், சாப்பிடலாம்."

உரிதல் கீழே பரவாமலிருக்க ரூ-பிங் மேல் கிளைகள் மூன்றையும் வெட்டியெடுத்தாள். காவோ அம்மா லாயின் டார்ச்சை வாங்கி, வெளிச்சம் பெரியவர் மேல் நேரே படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மீதி நான்கு பேரும் சாதாரண வெளிச்சத்தில் மீன் உருண்டை சாப்பிட்டோம். உருண்டை வெள்ளையாகவே தெரிந்ததைச் சியூ-கிம் இரண்டு முறை சொன்னாள். கிளம்பும்போது காவோ அம்மா வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, "இந்த வருஷம் உங்க தொட்டி கணக்குல இல்ல" என்றார். விதி அதுதான். தலை வணங்கினேன்.

பலகை இன்னொரு வருடம் அண்டாவுக்கு மேலே தொங்கியது. விளக்கு இருபதில் தொடங்கி இப்போது நாற்பதில் எரிகிறது. சதவீதம் மாற்றும் பொத்தானுக்குப் பூட்டு போட்டாயிற்று, சாவி ரூ-பிங்கின் கைப்பையில் இருக்கிறது. சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் பெரியவரின் அடிக் கிளைகளில் பழுப்பு திரும்பியது. அழுக்கான, சாதாரணப் பழுப்பு. அதற்கு ஒரு மாதம் முன்பே நண்டு மேலே ஏறிவிட்டது.

இப்போது கோயில் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அன்று மழையில் ஃபாங் வீட்டுப் பக்கம் மின்சாரம் போய்விட்டதாம், இல்லாவிட்டால் பலகை அங்கேதான் போயிருக்குமாம். இதைக் கிளப்பியவன் லாய் என்று எனக்குத் தெரியும். நல்லெண்ணத்தில்தான் செய்கிறான். ஒரு கிண்ணம் சூப் வாங்குபவர்களுக்கெல்லாம் சொல்கிறானாம்.

மின்சாரம் போகவில்லை. தொட்டியின் பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அரிசிக் குக்கரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்தது நான்.