வாறேன் என்று சொல்லாதவள்

சபிதாவுக்கு வேலையில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மனப்பாடம். சாவு விழுந்த வீட்டில் அறிவுரை சொல்லக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது, அழுதால் அழவிட வேண்டும். ஊர் சொல்லிக்கொடுத்ததோ அதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாறேன்' என்று சொல்லவே கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வரவேண்டி வருமாம்.

சுசீந்திரத்தில் அழகம்மையின் புருஷன் லாரி மோதிச் செத்தபிறகு, துக்கத்தில் இருப்பவர்களுக்குத் துணையிருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் சபிதா வாரந்தோறும் அவளைப் பார்க்கப் போனாள். அழகம்மைக்குப் பிள்ளைகள் கிடையாது. பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்ததும் சொந்தபந்தமும் கலைந்துவிட்டது. சபிதா உட்கார்ந்து அவள் சொல்வதையெல்லாம் கேட்பாள். நேரமானதும் ஓசைப்படாமல் எழுந்து, திரும்பிப் பாராமல் படியிறங்கிவிடுவாள். முறை தெரிந்த பெண் என்று தன்னைப்பற்றி அவளுக்கே ஒரு நினைப்பு.

அன்றைக்கும் அப்படித்தான் செருப்பை மாட்டினாள். வயலில் தண்ணீர் பாயும் சத்தம் தவிர ஓர் அனக்கமில்லை.

"மக்ளே," என்று உள்ளேயிருந்து அழகம்மை கூப்பிட்டாள். "சாவுக்குத் துட்டி கேக்க வந்த அத்தன பேரும் ஒண்ணும் சொல்லாமத்தான் போனாவ. அதுக்குப் பொறவு ஒருத்தரும் வரல்ல. நீயும் அப்படித்தான் போறியோன்னு ஒவ்வொரு வாரமும் நெனச்சிட்டுக் கெடக்கேன்."

"அக்கா, சொல்லக்கூடாதுன்னு ஒரு முறை..."

"யாருக்கு வேணும் ஒங்க முறை? இனி இந்த வீட்டுல சாவதுக்கு நான் ஒருத்திதானே இருக்கேன். அதுக்காவது வாறேன்னு சொல்லிட்டுப் போ, மக்ளே."