சார்ஜெண்ட் சட்டை

பிரைலா நகரில் பழைய ராணுவப் புகைப்படத்தைக் கையில் வாங்கியதும் எந்தப் படை, எந்த வருஷம், என்ன பதவி என்று சொல்லக்கூடியவன் ஒருவன்தான். அது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவனும் நான்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

முப்பது வருஷம் தையல் ஆலையில் தர ஆய்வாளராக இருந்தேன். தைத்து வரும் கோட்டுகளில் பொத்தான், காஜா, பை மூடி, எல்லாவற்றையும் பார்த்து முத்திரை குத்துவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்திருக்கும் பழைய படங்களைப் பொறுக்கி, செத்துப்போன சிப்பாய்களின் சட்டைகளுக்கு முத்திரை குத்த ஆரம்பித்தேன்.

என் புலமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் எங்கள் நாட்டுப் படையில் இடப்பக்கம் பொத்தான் போடும் அபூர்வச் சட்டை இருந்தது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு பத்தி எழுதினேன். அடுத்த வாரம் ஒரு ஸ்டுடியோக்காரரிடமிருந்து தபால் அட்டை வந்தது. 'ஐயா, நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்' என்று ஒரே வரி. அந்த அட்டையை என் மனைவி அக்லயா இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறாள், எனக்குத் தலைக்கனம் ஏறும்போதெல்லாம் எடுத்துக் காட்ட உதவும் என்று.

இப்படிப்பட்ட என்னைத் தேடித்தான் ஃபிலோஃப்தெயா வந்தாள். அறுபத்துமூன்று வயது, டிராமில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1942 மே மாதம், அவள் அப்பா ஸ்பிரிதோன் போர்முனைக்கு ரயிலேறினார். டான் ஆற்றங்கரையில் காணாமல் போனார். நாலு வயதில் அம்மாவும் காய்ச்சலில் போய்விட, அவள் அனாதை விடுதியில் வளர்ந்தாள். சொத்து என்று அவளிடம் இருந்தவை அப்பா எழுதிய ஒரு கடிதமும் ஒரு படமும்தான்.

படத்தில் நாலு சிப்பாய்கள். பின்னால் ஸ்டுடியோவின் அன்னப்பறவைத் திரை. அட்டையின் பின்பக்கம் பென்சிலில் நாலு பெயர்கள், எந்த வரிசையும் இல்லாமல்.

"அம்மா கல்லறையில இருந்த மரச் சிலுவை உளுத்துப் போச்சு சார். கல்லுல புதுசா வைக்கிறேன். அதுல அப்பா படத்தையும் பதிக்கணும். இந்த நாலு பேர்ல அப்பா யாருன்னு நீங்க பாத்துச் சொன்னா..."

எங்கள் ஊரில் சிலுவையில் பீங்கான் வட்டத்தில் முகத்தைச் சுட்டுப் பதிப்பார்கள். ஒருமுறை சுட்டால் அழியாது. அதனால்தான் அவள் நிபுணரைத் தேடி வந்திருந்தாள்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். "உங்க அப்பா என்ன பதவி?"

"சார்ஜெண்ட். கடிதத்துல கையெழுத்துக்குக் கீழே போட்டிருக்கார். நான் என்ன நெனச்சேன்னா சார், இந்த ரெண்டாவதா..."

"அம்மா, நெனப்பு வேற, ஆதாரம் வேற." இதைச் சொல்லும்போது விரலை வேறு உயர்த்தினேன். "இந்த நாலாவது ஆளோட தோள்பட்டையைப் பாருங்க. ரெண்டு பட்டை. மத்த மூணு பேருக்கும் ஒண்ணும் கிடையாது. இவர்தான் சார்ஜெண்ட். அப்போ இவர்தான் உங்க அப்பா."

"நிச்சயமா சார்?"

"முப்பது வருஷமா நான் சட்டை பாத்தவன்."

அவள் படத்தை வாங்கி நாலாவது ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அழுகிறாள் போலிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அதற்கும் ஒரு முத்திரை குத்தினேன்.

சிலுவை நட்ட அன்று பாதிரியார் ஸ்பிரிதோன் பெயரைப் படித்தார். இறந்தவர் நினைவாக எல்லோருக்கும் சர்க்கரை தூவிய கோதுமைக் கொலிவா கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இரண்டு கிண்ணம், ஆளைக் கண்டுபிடித்தவன் அல்லவா? பீங்கான் வட்டத்தில் நாலாவது ஆள் மீசையோடு பளபளத்தான். நானும் அவனுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் அதே அன்னப்பறவைத் திரையோடு இன்னொரு படம் கிடைத்தது. ஒல்லியான ஒரு சிப்பாய் தனியாக நின்றான். தோளில் இரண்டு பட்டை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் சின்னது, இடப்பக்கப் பை மூடியில் ஒட்டுத் தையல். அந்தப் பொத்தானும் அந்த ஒட்டும் எனக்கு மனப்பாடம். நாலாவது ஆளின் சட்டையில் இருந்தவை.

மேதை அல்லவா, வீட்டுக்கு ஓடிவந்து அக்லயாவிடம் பெருமையடித்தேன். "பாத்தியா! ஒரே சட்டை, ரெண்டு ஆள்! இந்தக் கண்ணுக்குத் தப்பாது!"

அவள் சூப்புக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். "படம் எடுக்கப் போறப்போ நல்ல சட்டையைக் கடன் வாங்கிப் போட்டிருப்பானுங்க. வீட்டுக்கு அனுப்புற படம், சார்ஜெண்ட் மாதிரி தெரியட்டுமேன்னு. இதுல என்ன அதிசயம்?"

ஃபிலோஃப்தெயாவின் படத்தின் பிரதியை எடுத்து மேஜையில் வைத்தேன். அக்லயா கத்தியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு, டிராம் ஃபிலோஃப்தெயாவோட அப்பாவா?"

"எது?"

"இந்த ரெண்டாவது ஆளு. அதே தாடை, அதே விடைச்ச காது, அதே ஒத்தைப் புருவம் தூக்கல். இருபது வருஷம் டிக்கெட் கிழிச்சுக் குடுத்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆமா, நீ சிலுவையில எவனை வச்சே?"

சொன்னேன்.

"அட பாவி மனுஷா! செத்துப்போன பொம்பளைக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வச்சிட்டியே! அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருந்தாளே, அவ மூஞ்சியை ஒரு தடவை நிமிந்து பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. அவள் மேல்கோட்டில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது, அதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஃபிலோஃப்தெயாவின் குடியிருப்பின் நாலாவது மாடிக்கு ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இரண்டு படங்களையும் மேஜையில் வைத்து, "அம்மா, நான் தப்புச் சொல்லிட்டேன். சட்டை கைமாறியிருக்கு. உங்க அப்பா இவர்தான்" என்று இரண்டாவது ஆளின் மேல் விரலை வைத்தேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கையுறையைக் குடுத்துட்டேன், வேற பின்னி அனுப்புன்னு அம்மாவுக்கு எழுதியிருக்கார் சார். அந்த மனுஷன் சட்டையைக் கழட்டிக் குடுத்திருக்க மாட்டாரா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்ல வந்தேன் சார். நீங்க விரலைத் தூக்கினீங்க."

படத்தின் மேல் வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டேன்.

"விடுதியில இருந்தப்பவே இவர்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன். யாரும் சொல்லலை. கண்ணாடியில என்னைப் பாத்துட்டு இவரைப் பாப்பேன். அம்பது வருஷமா தினம் காலையில வெளியே கிளம்புறதுக்கு முன்னாடி இவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவேன். நீங்க சொன்னப்புறம் வெக்கமாப் போச்சு சார். யாரோ ஒரு அந்நிய ஆம்பளையைப் போய் அப்பா அப்பான்னு கூப்பிட்டுட்டேனேன்னு. படத்தை அலமாரியில கவுத்து வச்சேன். அந்த மீசைக்காரர்கிட்ட பேசிப் பாத்தேன், வாய் வரலை. நாப்பது நாளா நான் அப்பாகிட்ட பேசலை சார்."

பீங்கானை மாற்றிவிடலாம், கல்தச்சரை நானே கூட்டிவருகிறேன் என்று ஏதோ உளறினேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து படத்தை எடுத்து வந்து, பாவாடையில் துடைத்து, ஜன்னல் பக்கம் நிமிர்த்தி வைத்தாள். அப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். தாடை, காது, புருவம். குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் வெளியே நிக்கிறீங்களா?"

தொப்பியை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மெல்லிய குரல் கேட்க ஆரம்பித்தது. நிற்கும், மறுபடி தொடரும். எதிர்வீட்டுக்காரி காய்கறிப் பையோடு ஏறி வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"யாரு வேணும் உங்களுக்கு? கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"மெதுவா பேசும்மா," என்றேன். "உள்ளே அப்பாவும் பொண்ணும் பேசிக்கிட்டிருக்காங்க."