காய்ச்சலில் தள்ளுபடி

அம்மை போட்டு ஷரஃபுதீன் மாடியறையில் கிடந்தார். நிறைமாதமாக இருந்த அவர் மனைவி சகினாவுக்கு அம்மை வந்ததே இல்லை. அவள் மாடியேறவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் இன்ஜினியர் தம்பி ஆசிஃப் அண்ணனின் அக்குளில் படும்படி ஒரு பட்டையைக் கட்டி, கீழே ஒரு பெட்டியை வைத்தான். கம்பியில்லாமலே மாடியின் உடம்புச் சூடு அந்தப் பெட்டியில் எண்ணாகத் தெரியும்.

காலையில் நூற்றுமூன்று என்று தெரிந்ததும் சகினா அழுதது மாடிவரை கேட்டது. பாண்டி பஜாரில் புடவை விற்ற ஷரஃபுதீனுக்கு, முகம் வாடியவர்களைத் தேற்றத் தெரிந்த ஒரே வழி தள்ளுபடிதான். பட்டையை அவிழ்த்துத் தண்ணீர்ப் பானையில் கட்டிவிட்டார்.

பெட்டியில் எண் எண்பதுக்கு இறங்கியது. உயிருள்ள உடம்பு அவ்வளவு குளிராது என்று பதறி, சகினா பாதிப் படி ஏறிவிட்டாள்.

"வராத சகினா, அங்கியே நில்லு. பானைல கட்டிக்கீறேன்."

"பானைக்கா அம்மை போட்டுகீது? மரியாதையா உடம்புல கட்டுங்க. இல்லாட்டி உள்ள வந்துருவேன்."

கட்டினார்.

"ஏறுது அண்ணி," என்று கீழிருந்து ஆசிஃப் படித்தான். "நூத்திரண்டுல நிக்குது. காலைக்கு இப்ப ஒண்ணு கம்மி."

சகினா படியிலேயே உட்கார்ந்து, அந்தக் காய்ச்சலுக்காகச் சிரித்தாள்.