முதல் வரியில் வைத்த சந்தனம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவில் எங்கள் சுங்கை ரம்பாயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிளேர்மோர் தோட்டத்து மியூசியத்துக்குள் போனால் கோமளாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் வெளியே வர முடியாது என்பார்கள். சொல்லட்டும். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவள் நான். தொடாதே என்றால் தொடக்கூடாது. ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தவர்கள், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க அடித்த பெரட்டு மணியை விளையாட்டாக அடித்துப் பார்த்தவர்கள், எல்லாரும் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். அதை நாங்கள் நாலு பேர் மல்லுக்கட்டி வாங்கி மியூசியமாக்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அந்த நாலு பேரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் மகன் வீட்டோடு புக்கிட் காத்திலுக்குப் போய்விட்டார். இப்போது நானும், கூட்டித் துடைக்க வரும் வேலாயியும்தான்.

வேலாயி அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். வயது அறுபத்து நாலு. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவள் என்னைக் கோமளாம்மா என்பாள். அப்படியே பழகிவிட்டது. அவளிடம் இருந்தது சிவப்பு ஐசி. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்கிற அடையாள அட்டை அது. அவள் அப்பா சின்னத்தம்பி பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார். குடியுரிமை உள்ளவர்களின் நீல ஐசிக்கு மூன்று தடவை மனுப் போட்டாள். மூன்று தடவையும், இங்கே பிறந்ததற்குச் சான்று இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

"சாவறப்பவாச்சும் இந்த ஊர்க்காரியா சாவணும், கோமளாம்மா" என்பாள்.

"மொதல்ல அந்த மூலையைத் தொடை. சாவறத அப்புறம் பாக்கலாம்" என்பேன். சிரிப்பாள். அவள் மனசு நிஜமாகவே அதில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன ஜூலையில் ஹரிதாஸ் வந்தான். பாயா ரும்புட்காரன். நீல ஐசி இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடவே அலுவலகத்துக்கும் அலைகிற பிள்ளை. வேலாயிக்காகத்தான் வந்திருந்தான்.

"ஆண்டி, அந்தக் காலத்துல வைத்தியம் பாத்த டிரஸ்ஸர் எழுதுன பிறப்பு ரிஜிஸ்டர் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா? தோட்டத்து ஆஸ்பத்திரியில அறுபத்தொன்னுல பொறந்தாங்கன்னு ஒரு பேப்பர் கெடைச்சா போதும். மெர்டேக்காவுக்கு அப்புறம், சுதந்திரம் கெடைச்ச பெறகு இங்கயே பொறந்தவங்க. நல்ல கேஸ் லா."

என்ன கேள்வி கேட்டான் பாருங்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அந்தப் புத்தகம். டிரஸ்ஸரின் ஆங்கிலக் கையெழுத்து அழகாக விழுந்த ஒரு நடுப்பக்கத்தை விரித்து வைத்திருந்தேன். எட்டு வருடமாக அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் வேலாயி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருநாள்கூட நான் அதைப் பேர் பேராகப் படித்துப் பார்த்ததில்லை. அழகாக இருந்தது, காட்டினேன், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தேன். புத்தகம் அறுபத்தொன்றாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. முதல் பக்கத்தைப் புரட்டியதும் சந்தனக் கறைதான் கண்ணில் பட்டது.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்போமே, மியூசியத்திலும் வருடா வருடம் அதைச் செய்தேன். இந்தப் புத்தகத்துக்குத்தான் முதல் மரியாதை. முதல் பக்கத்தைத் திறந்து, உச்சியில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பிள்ளையார் சுழி இருந்திருந்தால் அதன்மேல் வைத்திருப்பேன். டிரஸ்ஸர் அதெல்லாம் போடவில்லை. அதனால் முதல் வரியிலேயே வைத்தேன். பதினோரு பூஜை. ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, பழுப்பும் சிவப்புமாக ஒரு வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில், பெண் குழந்தை, தகப்பன் சின்னத்தம்பி, நாலாம் லயன் வீடு என்று தெரிந்தது. தேதியும் தாயின் பேரும் வில்லைக்கு அடியில்.

"என் அப்பன் பேரா?" என்று வேலாயி துடைப்பத்தோடு கிட்டே வந்தாள். ஹரிதாஸ் விரலை வைத்துக் காட்டினான். அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொடாதீங்க ஆண்டி. கோலாலம்பூர்ல இதைச் சுத்தம் பண்றதுக்கே ஆளுங்க இருக்காங்க. நான் கேட்டுட்டு வியாழக்கிழமை வாறேன்" என்றான் ஹரிதாஸ்.

அவன் போனான். வேலாயியும் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள். நான் இருந்தேன். இரண்டு நாள் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போகிறது? பொறுக்கவில்லை. என் கையால் வைத்ததை என் கையாலேயே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. பஞ்சை நனைத்து மெதுவாக, மிக மெதுவாக ஒற்றினேன். சந்தனம் இளகி வந்தது. கூடவே நீலமும் வந்தது. பேனா மை. பஞ்சு முழுக்க நீலம். தாயின் பேரும் பிறந்த தேதியும் இருந்த இடத்தில் ஈரத்தாள் மட்டும் மிச்சம். ஊரையே தொடாதே தொடாதே என்று விரட்டியவள், தலையில் அடித்துக்கொண்டு அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு பேரிடமும் நான் சொல்லவில்லை. காய்ந்தால் தெரியும் என்று மூட நம்பிக்கை. வியாழக்கிழமை பெட்டியைத் திறந்த ஹரிதாஸ் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இருந்தாலும் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் மலாக்காவில் இருக்கும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்தது தலையில் தூடோங் முக்காடு போட்ட ஒரு பெண். நல்ல பெண். பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தது. தகப்பன் பேர் மட்டும் போதாது மக்சிக், தேதியும் தாயார் பேரும் தெரியவில்லையே, சின்னத்தம்பி என்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று மலாயில் சொல்லி, புத்தகத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தது. வேலாயி தெரிமா காசே என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

காரில் திரும்பும்போது பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"அக்கா" என்றேன். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நாந்தான் அழிச்சேன். சந்தனத்த எடுக்கப் போயி, எழுத்தையும் சேத்து எடுத்துட்டேன்."

மடியில் இருந்த புத்தகத்தின் துணியை அவள் இழுத்து மூடினாள். செம்பனை மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"சந்தனத்துக்கு நான் கோச்சுக்கல. சாமிக்கு வெச்சீங்க. அத அரைச்சுக் குடுத்ததே நாந்தானே" என்றாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எட்டு வருசமா என் கதையக் கேட்டீங்களே கோமளாம்மா. ஒருநாளு தொறந்து பாத்திருக்கலாமே."

அவள் சொன்னது நியாயம். இன்றைக்கும் சோற்றில் கை வைத்தால் அந்தக் கேள்விதான் வருகிறது.

ஹரிதாஸ் கோலாலம்பூர் ஆட்களிடமும் கொண்டுபோய்க் காட்டினான். கறையாக இருந்தால் எடுத்திருக்கலாம், மையே போனபிறகு எடுக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். நாலாவது மனுவும் திரும்பி வந்தது. வேலாயி வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. அந்தக் கண்ணாடியை மட்டும் நான் துடைக்கிறேன்.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. வழக்கம்போலச் சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டு வந்தாள். என் விரல் புத்தகத்துக்குக் கிட்டே போகவில்லை.

"புக்குக்கு வைக்க வேணாம்" என்றாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, சிவப்பு ஐசியை உருவி என் முன்னால் நீட்டினாள். "இதுக்கு வைங்க."

வைத்தேன். சூடம் காட்டிக் கும்பிட்டோம். முந்தானையால் அட்டையைத் துடைத்துப் பர்ஸில் வைக்கப் போனவள், ஒரு நிமிடம் நின்று அதைத் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் அட்டை. சந்தனம் ஒரே துடைப்பில் போய்விட்டது. அதிலிருந்து ஒரு எழுத்துகூட அழியவில்லை.